தனத்துக்கு மட்டும் கேட்ட என் குரல்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எல்லாமே லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லித் திரிந்தவன் நான். பாகூரில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஆம்ப்ளிஃபையரையும் குழாய் ஸ்பீக்கரையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். ஒரு தடவை கிருமாம்பாக்கத்தில் கல்யாணப் பந்தலில் ஸ்பீக்கர் தானாக முனக ஆரம்பித்தது. பெண்ணின் செத்துப்போன அப்பாதான் வந்து அழுகிறார் என்று பாதி ஜனம் எழுந்து வெளியே ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் ஒரு ஒயர் கழன்று கிடக்கிறது. முறுக்கினேன், முனகல் நின்றது. அங்கே சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு அம்மா பாதியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். அப்படிப்பட்ட ஆள்தான் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், குறுக்கே மட்டும் பேசாதீர்கள். எனக்குக் கோபம் வரும், அப்புறம் விட்ட இடம் மறந்துபோகும்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். என் சம்சாரம் தனத்துக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றோம், அப்புறம் ரத்தம் வந்தது, டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், காசநோய் என்றார்கள். புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறது, உயிர் தப்பும், ஆனால் சிலருக்குக் காதை வாங்கிவிடும் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். உயிரா காதா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்? போடுங்கள் என்றேன். தினம் போட்டார்கள். உயிர் தப்பியது, காது போனது.

ஒரேயடியாகப் போகவில்லை. அதுதான் கொடுமை. முதலில் குருவிச் சத்தம் கேட்கவில்லை என்றாள். அப்புறம் பாத்திரம் விழுந்தால் கேட்கவில்லை. "உங்க கொரலு மட்டும் கெணத்துக்குள்ளர்ந்து கேக்குற மாரி கேக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ஒருநாள் காலையில் அதுவும் இல்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசுவாள், நான் பதில் சொல்வது அவளுக்குக் கேட்காது. கையையும் தலையையும் ஆட்டித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதைக் கையால் சொல்லிவிடலாம், கவலைப்படாதே என்பதை எப்படிச் சொல்வது?

ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வைக்கிறவனுக்கு ஒருத்தி காதுக்குக் கேட்க வைக்கத் தெரியாதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்தேன். பேசுவதற்குப் பழைய டெலிபோனின் வாய்க் குமிழ், கேட்பதற்கு மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பிடித்த பட்டாளத்து ஹெட்போன், கரண்ட்டுக்கு லாரி பாட்டரி. நடுவில் வால்வு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வால்வு தெரியாது. சின்ன பல்பு மாதிரி கண்ணாடிக் குப்பி, உள்ளே கம்பி பழுத்துச் சூடேறினால்தான் சத்தம் வரும். அதைக் கழற்றிவிட்டு அதே ஜாதியில் வேறொன்றைச் செருகினால் சத்தத்தின் ருசியே மாறிவிடும். ஒரே துணியை இரண்டு தையல்காரரிடம் கொடுத்தால் இரண்டு மாதிரி வருமில்லையா, அப்படி. ஒன்று மூக்கால் பேசும், ஒன்று பானைக்குள் பேசும், ஒன்று கீச்சென்று குத்தும். தனத்தின் காதில் மிச்சமிருக்கிற கொஞ்சம் எந்த மாதிரிச் சத்தத்தைப் பிடிக்கும் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதனால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

தினமும் வேலை முடிந்து வந்ததும் இதே வேலை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் எதிரில் உட்காருவாள். நான் குமிழைப் பிடித்துக்கொண்டு "தனம், கேக்குதா?" என்பேன். அவள் என் வாயையே பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். கழற்றுவேன், வேறு செருகுவேன். எனக்குக் கோபம் வால்வு மேல், அவளோ தன் மேல் என்று நினைத்துக்கொண்டு, "உடுங்க, இன்னொரு நாள் பாக்கலாம்" என்று என்னைச் சமாதானம் செய்வாள்.

இந்தக் கதைக்கெல்லாம் காரணமான வால்வு எப்படிக் கைக்கு வந்தது என்றால், டவுனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கப்பலேறிப் போகும்போது தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் தள்ளிவிட்டுப் போனது. அதில் ஒரு செத்த ரேடியோ இருந்தது, பிரித்து எடுத்தால் சாமான் தேறும் என்று வாங்கி வந்தேன். உள்ளே இருந்த வால்வில் ஒன்றுக்கு மட்டும் மேலே எழுத்தே இல்லை. கண்ணாடியில் புகை படிந்த மாதிரி ஒரு கறுப்பு. அடியில் இருந்த கம்பிக் கால் எல்லாம் என் ஆம்ப்ளிஃபையரில் சரியாகப் பொருந்தியது.

விளக்கு வைக்கிற நேரம். தனம் விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் வால்வைச் செருகி பாட்டரியை இணைத்தேன். வால்வு சூடேற வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரமாவது பிடிக்கும். அதற்குள் பீடி பற்றவைக்கலாம் என்று திரும்பினேன். குமிழ் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கிறது. நான் வாயே திறக்கவில்லை.

"இன்னாங்க?" என்றாள் தனம்.

யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக் கேட்போமே, அப்படிக் கேட்டாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவள் முகம் அப்படியே விரிந்துபோயிற்று. "கூப்ட்டீங்களே! தனம்னு கூப்ட்டீங்க! கேட்டுச்சுங்க, நல்லா கேட்டுச்சு!" என்று கையைத் தட்டினாள், சிரித்தாள், அழுதாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்த பிறகு யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டாம் குரலுக்கும் கேட்கக் கூடாது. மூன்றாம் குரலுக்குத்தான் வாய் திறக்க வேண்டும், மனுஷன்தான் மூன்று தடவை கூப்பிடுவான், மற்றது ஒரு தடவையோடு காத்திருக்கும் என்பார்கள். இதில் தனத்தை மிஞ்ச ஆள் கிடையாது. காது நன்றாக இருந்த காலத்தில் நான் வேலை முடிந்து வந்து மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றாலும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் தாழ்ப்பாள் திறக்கும். நான் கன்னாபின்னா என்று திட்டுவேன். அவளேதான் அன்றைக்கு முதல் குரலுக்கே பதில் சொல்லிவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்து ஒரு குரல் கேட்கிறது, அதுவும் புருஷன் குரல், அவள் எங்கே எண்ணிக்கொண்டிருப்பாள்?

இரைச்சல் எதையோ கேட்டுவிட்டு ஆசையில் என் குரல் என்று நினைக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. குமிழை எடுத்து, "தனம், கேக்குதா?" என்றேன்.

"நான் அப்பவே சாப்ட்டேன். நீங்கதான் இன்னும் சாப்புடல" என்றாள்.

சாப்பிட்டாயா என்று நான் கேட்கவே இல்லை. மறுபடி, "நான் இன்னா சொன்னேன், சொல்லு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "போங்க, வெக்கமா இருக்குது" என்றாள். ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். உஸ்ஸென்ற இரைச்சலும் என் மூச்சும்தான் கேட்டன. திரும்ப அவள் காதில் மாட்டிவிட்டுக் குமிழுக்குள் கத்தினேன், "தனம், அது நான் இல்ல! நான் இல்லடீ!" என்று. அவள் என் முழங்கையைத் தட்டி, "மெதுவாவே பேசுங்க, அதான் கேக்குதே" என்றாள்.

பக்கத்து வீட்டுச் செங்கேணி அக்காவைக் கூப்பிட்டு வந்து பேசச் சொன்னேன். அக்கா குமிழைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசிப் பார்த்தாள். "அக்கா வாயி ஆடுது, ஒண்ணும் கேக்கல. நீங்க பேசுங்க" என்றாள் தனம் என்னிடம். நான் வாயை இறுக மூடிக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். அவள் இப்போது என் வாயைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஊம் கொட்டினாள். இடையிடையே பதில் சொன்னாள்.

செங்கேணி அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இன்னா நடந்துச்சு, மறைக்காம சொல்லு சம்முவம்" என்றாள். சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கொரலுக்கே ஏன்னு கேட்டுட்ச்சா? அய்யோ பாவி. அத்த எட்த்து எங்கனா தூரமா கடாசுப்பா."

சொல்வது சுலபம். வேறு வால்வைப் போட்டேன் என்றால் தனத்தின் முகம் அணைந்துவிடும். "இன்னாங்க நிறுத்திட்டீங்க, பேசுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவாள். அதைத் திரும்பப் போட்டால் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிடுவாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கழற்றுவேன், மாட்டுவேன், கழற்றுவேன், மாட்டுவேன். நம்பினால் நம்புங்கள், அந்த நாட்களில் அவளுக்கு உடம்பு தேறியது. இருமல் குறைந்தது. சாயங்காலமானால் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு ஹெட்போன் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஊர் முழுக்க ஹலோ ஹலோ என்று கத்துகிறவன், வீட்டில் அதிகம் பேசமாட்டேன். ஊசி போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா என்று அந்தக் குரல் கேட்டதாம். கல்யாணத்தன்று நீ கட்டியிருந்த அரக்குப் புடவை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்றதாம். "இத்தினி நாளா இதெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?" என்று என் கன்னத்தைத் தொட்டாள். என் மனதில் இருந்ததுதான் அதெல்லாம். ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

கடைசியில் ஒருநாள் துணிந்து வால்வைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டரி தீர்ந்துவிட்டது என்று கையால் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. "பரவால்ல. அதான் எல்லாம் பேசிட்டமே. நாளைக்குச் சாயங்காலம் ஏரிக்குப் போலாம்னு சொன்னீங்க இல்ல, அங்க வந்து பேசிக்கலாம்" என்றாள்.

இல்லை, போக வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், கையைக் கூப்பினேன், காலில் விழாத குறை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கூப்ட்டதும் நீங்க, வேணாம்னு சொல்றதும் நீங்க. நல்ல ஆளுதான்" என்றாள். அவளுக்குப் புரிய வைக்க என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இருந்த ஒரே வழியிலும் வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. வாசற்படியிலேயே காவல் உட்கார்ந்தேன். மழைக்காலம், வெளியே சேறு, உள்ளே அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம். சாயங்காலம் அந்தச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. உள்ளே ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. வேலியோரம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த செங்கேணி அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தழையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ இங்க இருக்கியா? இப்பதானப்பா ரெண்டு பேரும் இந்தப் பக்கமா போனீங்க. தனம் பட்டுப் பொடவ கட்டிக்கினு போச்சு, நீ முன்னால போன" என்றாள்.

ஓடினேன். பாகூர் ஏரியைப் பார்த்திருப்பீர்கள், மழை பெய்தால் கடல் மாதிரி நிற்கும். கரைமேல் ஏறினதும் வெகுதூரத்தில் அரக்குப் புடவை தெரிந்தது. "தனம்! தனம்!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. எப்படித் திரும்புவாள்? ஊரையே கூப்பிடுகிற தொழில் செய்கிறவன், என் பெண்டாட்டியைக் கூப்பிட என்னால் முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த அழுகையை எங்கே போய்ச் சொல்ல. அழுதுகொண்டே ஓடினேன், ஓடிக்கொண்டே கத்தினேன்.

கரையில் வாத்து ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "இன்னா மைக்கு செட்டு, இப்பதான சம்சாரத்தக் கூட்டிக்கினு அந்தாண்ட போன? அதுக்குள்ள பின்னாலர்ந்து வர்ற?" என்றார். அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது தனம் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள், யாரோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் நீட்டுவோமே, அப்படி. எதிரே ஆள் யாரும் இல்லை. அதாவது என் கண்ணுக்கு இல்லை. குதித்துப் போய் அவளுடைய இடது கையைப் பிடித்தேன். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நீங்க யாரு?" என்றாள் என்னிடம்.

"நான்தான்டீ! சம்முவம்டீ!" என்று அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். காது கேட்காதவளிடம் கத்துகிறேன். இழுத்தேன். இதை நீங்கள் நம்பவே மாட்டீர்கள், எதிர்ப்பக்கம் கனம் இருந்தது. சேறு என்பீர்கள், ஈரப் புடவை என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சேறு காலைப் பிடிக்கும், கையைப் பிடிக்காது. திடீரென்று கனம் விட்டது, இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம். அவள் விட்டாளா, அது விட்டதா, எனக்குத் தெரியாது. வாத்துக்காரப் பெரியவர்தான் வந்து கரையேற்றினார். பையிலிருந்த வால்வை எடுத்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஏரிக்குள் எறிந்தேன்.

அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தனம் பிழைத்துக்கொண்டாள், நோயும் போய்விட்டது, ரொம்ப வருஷம் இருந்தாள். ஹெட்போனை மட்டும் கிட்டே கொண்டுபோனாலே சுவரோரம் ஒட்டிக்கொள்வாள். அதை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்குள் நுழையும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் என் முகத்தோடுதான் இருந்தான். கரைக்கு இழுத்து வந்தவனும் அதே முகம். எவன் புருஷன், எவன் மற்றவன்?

நான்தான் என்று நிரூபிக்க எவ்வளவோ பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை எல்லாம் கையால் நடித்துக் காட்டினேன். வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது அவளுடைய ஒரு கால் கொலுசு தொலைந்தது, நான் மணலில் மண்டி போட்டுத் தேடியது, கிடைக்காமல் மற்றதையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தது. பொறுமையாகப் பார்த்தாள். "இதையும் அவரு சொன்னாரு" என்றாள். எதைக் காட்டினாலும் அதே பதில். என் மனதில் இருந்ததை எல்லாம் அவன் எனக்கு முன்னாலேயே சொல்லித் தீர்த்துவிட்டானே, நான் எங்கே போக?

ஒரு குறையும் வைக்காமல்தான் குடித்தனம் செய்தாள். நானும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசினாலும் கேட்கப் போவதில்லை, அது வேறு விஷயம். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வழக்கம்போல முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்க யாரா இருந்தாலும் சரிங்க" என்றாள். "என்னக் கொறை இல்லாம வச்சிக்கினீங்க. அது போதும்."

நான் சண்முகம்தான், உன் புருஷன்தான் என்று எப்படிச் சொல்வேன்? சரி என்று தலையாட்டினேன். என் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.